பதினைந்தாயிரம் முடிச்சுகள்: மதுரையிலிருந்து ஒரத்துப்பாளையம் வரை ஆறு நாட்கள்

முதல் நாள்: சோழவந்தானைத் தாண்டி

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் சோழவந்தானைத் தாண்டும்போது, யாரும் எழுப்பாமலே விழித்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே இருக்கிறது. தென்னந்தோப்புகளுக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தபோது, தலைமாட்டில் வைத்திருந்த துணிப்பையை ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டேன். அதற்குள் அப்பத்தாவின் சுங்குடிச் சேலை இருந்தது; துணியை நூலால் முடிச்சிட்டுச் சாயமேற்றிப் புள்ளி வரவழைக்கும் மதுரைப் பருத்திச் சேலை. அரக்குச் சிவப்பு உடல், கறுப்புக் கரை, உடல் முழுவதும் மிளகு அளவில் வெள்ளைப் புள்ளிகள். வழக்கமாகக் கூடவே வரும் வரைபட நோட்டையும் வண்ண அட்டைகளையும் இந்த முறை வேண்டுமென்றே சென்னையில் விட்டுவிட்டு வந்தேன்.

ஆடை வடிவமைப்பு என் தொழில். தரமணியில் படித்தேன், சென்னையிலேயே சிறிய பட்டறை ஒன்றை வைத்து ஆண்டுக்கு இரண்டு தொகுப்புகள் செய்கிறேன். சொந்த ஊரின் கைத்தொழில்களிலிருந்தும் சமூகப் பிரச்சினைகளிலிருந்தும் ஊக்கம் பெறுபவர் என்று என்னைப் பற்றிய அறிமுகக் குறிப்புகளில் ஒரு வரி வரும். அந்த வரியை முதன்முதலில் எழுதிக் கொடுத்தவளும் நானேதான். இந்த ஆண்டின் தொடக்கத்தில், வீட்டிலிருந்தபடியே கூலிக்கு வேலை செய்யும் பெண்களைக் கருப்பொருளாகக் கொண்டு பன்னிரண்டு ஆடைகளைக் கண்காட்சி ஒன்றில் வைத்திருந்தேன். சுங்குடிப் புள்ளிகளை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி டிஜிட்டல் முறையில் பட்டுத் துணியில் அச்சிட்டு, முதுகுப் பக்கத்தில் உழைப்பைப் பற்றிய வாசகங்களைத் தையல் வேலையாகச் செய்திருந்தேன். பலரும் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். மதுரைப் பேச்சு மாறாத வயதான அம்மா ஒருவர் மட்டும் துணியின் மறுபுறத்தைத் திருப்பிப் பார்த்து, “இத யாரும்மா கட்டுனது?” என்று கேட்டார். அச்சிட்டது என்று சொன்னேன். “அப்ப யாரும் கட்டல” என்று சொல்லிவிட்டு, கோபமோ ஏளனமோ இல்லாமல் அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் இந்த ஆறு நாள் பயணத்துக்குக் கிளம்பினேன். ஒவ்வொரு நாள் இரவும் அன்றன்று பார்த்ததை எழுதிவிடுவதாக உத்தேசம்.

மாலையில் மேலமாசி வீதிக்கு நடந்து போனேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தம் வழக்கமான உடையைக் களைந்து முழங்காலளவு வேட்டிக்கு மாறியது இந்த வீதியில் உள்ள ஒரு வீட்டின் மாடியில்தான். மதுரையில் வளர்ந்த எல்லாருக்கும் இது பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடமாகிவிட்ட செய்தி என்பதால், அதன் காரணத்தை நாங்கள் யாரும் சரியாக யோசித்ததில்லை. சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் வழியில், அயல்நாட்டுத் துணி உடுத்தியிருந்த சக பயணிகளிடம் கதர் அணியுமாறு அவர் வாதாடியபோது, கதர் வாங்க எங்களிடம் பணமில்லை என்பதுதான் அவர்களுடைய பதிலாக இருந்தது. அந்தப் பதிலை அவரால் மறுக்க முடியவில்லை. விலை கட்டுப்படாதவர்களிடம் நல்ல துணியைப் பற்றிப் பேசுவதிலுள்ள சங்கடத்துக்கு அவர் கண்ட வழி, தம் உடம்பிலிருந்து துணியைக் குறைத்துக்கொள்வது. அந்த வழி எனக்குத் திறந்திருக்கவில்லை. நான் துணி விற்றுப் பிழைப்பவள். என் பன்னிரண்டு ஆடைகளின் விலைச்சீட்டுகளை அந்த ரயில் பெட்டியில் நீட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணியபடி, கீழே இருந்த காதிக் கடையில் ஒரு துண்டு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இரண்டாம் நாள்: மகாலுக்குப் பின்னால்

திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள சந்துகளில் பல தலைமுறைகளாகச் சௌராஷ்டிர மக்கள் வாழ்ந்து வருகிறார்கள். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து புறப்பட்டு, பல நாடுகளைக் கடந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைகொண்டவர்கள் அவர்கள். ஊரார் அவர்களைப் பட்டுநூல்காரர் என்று அழைத்தாலும், எங்கள் வீட்டுப் பீரோக்களில் அவர்கள் விட்டுச் சென்ற தடம் பருத்தியில்தான் இருக்கிறது. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் கடைகளில் குவிந்திருக்கும் சேலைகளில் மிகப் பெரும்பாலானவை மெழுகு அச்சிலோ ஸ்க்ரீன் பிரிண்டிங்கிலோ புள்ளி வைத்தவை. கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் வீடுகள் சொற்பமாகிவிட்டன.

தோழி ஒருத்தியின் அத்தை மூலமாக அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு இன்று காலை போனேன். அறுபதைக் கடந்த பெண்மணி. மருமகளிடம் சௌராஷ்டிர மொழியிலும் என்னிடம் மதுரைத் தமிழிலும் மாறி மாறிப் பேசியவருடைய விரல்கள் அதற்காக ஒரு கணமும் நிற்கவில்லை. கஞ்சி போகத் துவைத்த வெள்ளைத் துணியை மடித்து, அடையாளமிட்ட இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, அந்தக் கொழுந்தைச் சுற்றி நூலை இறுக்கிச் சுழற்றி, அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போகிறார். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. பிரித்தால் வெள்ளை வளையம். கிள்ளிய நுனியில் மட்டும் சற்றுச் சாயம் ஏறி நடுவில் ஒரு துளி நிற்கும். எந்த அச்சும் அந்தத் துளியை உண்மையாகக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. “இந்த நகந்தான் அம்மாடி எங்களுக்கு ஊசி” என்று இடது கையை நீட்டிக் காட்டினார். அந்த ஒரு நகம் மட்டும் நீளமாக, ஓரம் தேய்ந்து, சாயக்கறை ஏறி, ஆமை ஓட்டின் நிறத்தில் இருந்தது.

அவர் அறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டு முடிச்சுகள். முழுச் சேலைக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் முடிச்சுகள் வரை போகும். அப்போது அவர் மடியில் இருந்தது பதினைந்தாயிரம் முடிச்சுச் சேலை. கணக்குப் போட்டால் 31 மணிநேரத்துக்குச் சற்று அதிகம். அதுவும் இடைவிடாமல் கட்டினால்தான். சமையல், தண்ணீர், பேரனின் பள்ளிக்கூடம் போக நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் கிடைத்தால் எட்டு நாட்கள். கூலி முடிச்சுக் கணக்கில்தான். மணிக்கணக்கு என்பது இந்த வேலையில் ஒருபோதும் இருந்ததில்லை. அந்தத் தொகையை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. வேலை கொடுக்கும் வியாபாரி படித்துவிடுவார் என்பது அவருடைய அச்சம்.

அப்பத்தாவின் சேலையை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முந்தியிலிருந்து தொடங்கி வெளிச்சத்தில் விரித்து, புள்ளிகளின் மேல் நகத்தை ஓட்டிக்கொண்டே போனவர், நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார். அதுவரை கட்டியது ஒருவர், அதற்கப்புறம் இன்னொருவர் என்றார். முதல் ஆள் நூலை நான்கு சுற்றுச் சுற்றுகிறார், இரண்டாம் ஆள் அவசரக்காரர், மூன்றோடு விட்டுவிடுகிறார். அதனால்தான் அங்கிருந்து வளையங்கள் மெலிந்துவிட்டனவாம். மூக்கைச் சேலையிடம் கொண்டுபோய் நானும் பார்த்தேன். முப்பது ஆண்டுகளாக வீட்டில் இருக்கும் சேலையில் நான் ஒருமுறைகூடக் கவனித்திராத எல்லைக்கோடு அவர் சொன்ன இடத்தில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதினைந்தாயிரம் முடிச்சுகளுக்கு நடுவே அமர்ந்திருந்த அவர் உடுத்தியிருந்தது, சுங்குடிப் புள்ளி அச்சடித்த நைட்டி. தாம் கட்டும் சேலையைத் தாம் கடைசியாக உடுத்தியது எப்போது என்ற என் கேள்விக்கு அவர் சிரித்தார். மருமகள்தான், தன் கல்யாணத்துக்கு முந்தைய ஆடி மாதத்தில் என்று பதில் சொன்னாள். கிளம்பும்போது, புள்ளி அடையாளமிட்ட கைக்குட்டை அளவுத் துணி ஒன்றையும் நூல்கண்டு ஒன்றையும் கையில் கொடுத்து, பஸ்ஸில் போகும்போது கட்டிப் பார் என்றார். அடையாளங்கள் முந்நூறு இருக்கும்.

மூன்றாம் நாள்: உட்காரும் உரிமை

இன்று அலைச்சல் அதிகம், எழுதுவதற்குக் குறைவு. காலையில் தமுக்கத்தில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போனேன். ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம் அது. அருங்காட்சியகம் 1959இல் திறக்கப்பட்டது. சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தபோது பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். இன்று வெகுநேரம் அதன் முன்னால் நின்றேன். நெய்த துணி என்பது இவ்வளவையும் உறிஞ்சிக்கொண்டு இத்தனை காலம் நிற்கும் என்பதைத் தவிர வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

பிறகு குன்னத்தூர் சத்திரம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே தையல் இயந்திரம் போட்டிருந்த தையல்காரர்களும் கடைக்காரர்களும் இப்போது இங்கே மாற்றப்பட்டிருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேடமிடும் பக்தர்களின் உடைகளைத் தைத்துக் கொடுத்தவர்கள் அந்தத் தூணடித் தையல்காரர்களே. என் தொழிலின் முதல் பாடத்தை நான் கற்றது, கல் யாளியின் காலடியில் வெட்டுத்துணி பொறுக்கிய அந்த இடத்தில்தான். கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதைக் கொண்டு அந்த ஆண்டின் விளைச்சலைக் கணிக்கும் ஊர் இது. பச்சை என்றால் செழிப்பு. துணியின் நிறத்தை இவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளும் ஊரில் பிறந்துவிட்டு வேறு தொழிலுக்குப் போவது சிரமம்.

மாலையில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் ஏறினேன். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. நாள் முழுவதும் நின்றுகொண்டே சேலையை விரித்து மடிக்கும் பெண்களின் கால் நரம்புகளைப் பார்த்தவர்கள் யாரும் இதைச் சிறிய சட்டம் என்று சொல்ல மாட்டார்கள். அந்தத் தளத்தில் ஸ்டூல்கள் இருக்கவே செய்தன; அவற்றின்மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். விற்பனைப் பெண்ணிடம் உட்கார அனுமதியில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். அனுமதி இருக்கிறது, ஆனால் உட்கார்ந்திருக்கும்போது வாடிக்கையாளர் வந்தால் மேற்பார்வையாளரின் பார்வை சரியிருக்காது என்றாள். கடைக்காரரைத் திட்டி ஒரு பத்தி எழுதலாம் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கியபோது, என் கண்காட்சி அரங்கில் உதவிக்கு நின்ற பெண் நினைவுக்கு வந்தாள். உழைப்பைப் பற்றிய வாசகங்கள் தைத்த ஆடைகளுக்கு நடுவே அவள் மூன்று நாட்கள், நாளுக்குப் பத்து மணிநேரம் நின்றாள். அரங்கின் அழகு கெடும் என்று நாற்காலி வேண்டாமென்று சொன்னவள் நான்.

நான்காம் நாள்: சின்னாளப்பட்டி

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் முடிச்சுப் போட முயன்றேன். வாடிப்பட்டி வருவதற்குள் ஆறு, கொடைரோடு வருவதற்குள் பதினொன்று. நகம் வளர்க்காத விரல் துணியைக் கிள்ளும்போது வழுக்கிவிடுகிறது. நூலை இறுக்கினால் கொழுந்து நழுவுகிறது, தளர்த்தினால் சுற்று நிற்பதில்லை. பக்கத்து இருக்கைப் பெண் சற்று நேரம் பார்த்துவிட்டு, வேண்டுதலா என்று கேட்டார்.

சின்னாளப்பட்டி, திண்டுக்கல்லுக்குச் சற்று முன்னால் உள்ள நெசவூர். பட்டு வாங்க முடியாதவர்களின் முகூர்த்தச் சேலையாகச் சின்னாளப்பட்டு என்ற செயற்கைப் பட்டுச் சேலை ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுவதும் பெயர் பெற்றிருந்தது. இப்போது தறிச்சத்தம் குறைந்து, தெருவுக்குத் தெரு சுங்குடி அச்சுப் பட்டறைகளும் நைட்டி தைக்கும் வீடுகளும் தெரிகின்றன. பக்கத்திலேயே, சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் இருக்கிறது.

மெழுகு அச்சுப் பட்டறை ஒன்றில் ஒரு மணிநேரம் நின்றேன். உருகிய மெழுகில் தோய்த்த அச்சுக்கட்டையைத் துணியில் ஒற்றி ஒற்றி எடுக்கும் வேகத்தில், மதுரை அம்மாள் எட்டு நாட்களில் கட்டும் புள்ளிகள் அரை நாளைக்கும் குறைவான நேரத்தில் விழுந்துவிடுகின்றன. இதைப் போலி என்று ஒதுக்கும் மனநிலையில்தான் நேற்றுவரை இருந்தேன். ஆனால் சூடான மெழுகுச் சட்டியின் முன்னால் பனியனோடு நின்ற அந்த இளைஞனின் உடல் போடும் உழைப்பைப் போலி என்று சொல்ல நா எழவில்லை. அவன் போடும் புள்ளியைத்தான் மதுரை அம்மாளால் வாங்கி உடுத்த முடிகிறது. குற்றம் புள்ளியில் இல்லை, அச்சுச் சேலையைக் கட்டுச் சேலை என்று சொல்லி விற்கும் சீட்டில் இருக்கிறது. என் பட்டறைச் சீட்டில் ‘சுங்குடியால் ஊக்கம் பெற்றது’ என்று போட்டிருந்தேன். அது பொய்யும் அல்ல, மெய்யும் அல்ல.

மதியம் ஒரு வீட்டில் நைட்டி தைத்துக்கொண்டிருந்த முப்பது வயதுப் பெண்ணைச் சந்தித்தேன். பதினாறு வயதில் நூற்பாலை விடுதிக்குப் போனவர். கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல் பகுதியிலும் இருந்த நூற்பாலைகள், ஏழை வீட்டுப் பெண்களை மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்யச் சேர்த்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாட்டைச் சுமங்கலித் திட்டம் என்று அழைத்தார்கள். வரதட்சணையைக் கூலி வடிவில் நிறுவனமாக்கிய பெயர் அது. சுமங்கலி என்ற மங்கலச் சொல்லை இதைவிட மோசமாக யாரும் பயன்படுத்தியதில்லை. காலம் முடிவதற்குள் உடம்புக்கு முடியாமல் திரும்பிவிட்டால் அந்தத் தொகைக்கு உத்தரவாதம் கிடையாது. இவர் இரண்டரை ஆண்டுகளில் மூச்சிரைப்போடு திரும்பியவர். விடுதியின் பூட்டைப் பற்றியும் வாரத்துக்கு ஒருமுறை கிடைத்த தொலைபேசி அழைப்பைப் பற்றியும் இரண்டு வாக்கியங்களில் முடித்துக்கொண்டார். வேலையைப் பற்றிக் கேட்டபோதுதான் முகம் தெளிந்தது. நூல் நூற்கும் இயந்திரமான ரிங் பிரேமில் சைடராக இருந்தவர். ஓடும் கதிர்களுக்கு இடையே நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டுவது வேலை. பேச்சின் நடுவே என் குர்தாவின் ஓரத்தை இரு விரல்களால் உருட்டிப் பார்த்து, அறுபதாம் நம்பர் நூல் என்றார். வாங்கிய ரசீதில் அப்படித்தான் இருந்தது.

திண்டுக்கல்லில் தங்கியிருக்கும் அறையில் இதை எழுதும்போது இந்த மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய ஒப்பந்தத்தையும் குறிப்பிட வேண்டும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நடத்திய போராட்டத்தின் விளைவாக, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிற்சாலை நிர்வாகத்தோடு, அங்கே ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களையும் சட்டப்படி கட்டுப்படுத்துவது அதன் சிறப்பு. பாலியல் துன்புறுத்தலைக் கவனித்துப் புகார் செய்ய, தொழிலாளர்களிலிருந்தே 25 பேருக்கு ஒருவர் வீதம் கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடுகளில் ஒன்று. முதுகில் வாசகம் தைத்த என் பன்னிரண்டு ஆடைகளால் நடக்காத ஒன்று, சங்கம் எழுதிய தாளால் நடந்திருக்கிறது. வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும் என்பதே அந்தத் தாளின் சூட்சுமம். நானும் ஒரு வாங்குபவள்தான்.

ஐந்தாம் நாள்: ஒரத்துப்பாளையம்

கரூர் வழியாகச் சென்னிமலைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. போர்வைகளுக்குப் பெயர்போன கைத்தறி ஊர். கொடி காத்த குமரன் 1904இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்ததும் இங்கேதான். நான் வந்தது தறி பார்க்க அல்ல. இங்கிருந்து ஆட்டோ பிடித்து நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணைக்குப் போனேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்கென்று 1992இல் திறக்கப்பட்ட இந்த அணை, சில ஆண்டுகளுக்குள் திருப்பூரின் சாயக்கழிவு வந்து தேங்கும் தொட்டியாக மாறிவிட்டது. நீரைத் திறந்தால் கீழே உள்ள நிலம் கெட்டது, திறக்காவிட்டால் சுற்றியுள்ள கிணறுகள் கெட்டன. கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயிகள் கேட்க நேர்ந்த விசித்திரம் இங்கே நடந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், நூற்றுக்கணக்கான சாய, சலவை ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரில் ஒரு சொட்டையும் வெளியேற்றாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகே ஆலைகள் படிப்படியாகத் திறந்தன.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், ஒரு காலத்தில் தம் கிணற்றுநீரில் போட்ட டீ உப்புக் கரித்ததாகச் சொன்னார். வெளியாட்களுக்கு இதில் வியப்பாக இருப்பது, சாயக் கழிவில் நிறத்தைவிட உப்புதான் பெரிய தொல்லை என்பது. இழையோடு பிணைந்து நிற்கும் ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏறுவதற்கு உப்பு வேண்டும். நீரில் கரைந்து மிதக்கும் சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவது அதுதான். வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்குவதில்லை, முழுவதும் நீரோடு போய்விடும். நிறத்தை நீக்குவதற்கு வழிகள் பல. கரைந்த உப்பை நீரிலிருந்து பிரிப்பதற்கு உயர் அழுத்தச் சவ்வுகளும் நீரை ஆவியாக்கும் கலன்களும் வேண்டும், அவற்றுக்கு நிறைய மின்சாரமும் விறகும் வேண்டும். வெளிர் நிறங்களுக்கு உப்பு குறைவு. அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரைகூடப் போகும். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் நீர், லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், 800 கிராம் உப்பு. துணியின் எடைக்கு ஏறக்குறைய சமமான உப்பு!

அணைச் சுவரில் உட்கார்ந்து, சென்ற ஆண்டு நான் செய்த பருத்தித் தொகுப்பை நினைத்துப் பார்த்தேன். முழுவதும் கறுப்பு. நீர்நிலைகளின் சாவுக்குத் துக்கம் அனுசரிக்கும் நிறம் என்று அதற்கு விளக்கம் எழுதியிருந்தேன். கறுப்புதான் எல்லாவற்றிலும் அதிக உப்புக் குடிக்கும் நிறம் என்பது என் சாயப்பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளிர் நீலமும் சந்தன நிறமும் உப்பில் எவ்வளவு மிச்சம் என்று அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். சற்று மௌனத்துக்குப் பின், இதுவரை எந்த டிசைனரும் தம்மிடம் இதைக் கேட்டதில்லை என்றார். இயற்கைச் சாயம் என்றால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எளிதாகச் சொல்வதற்கும் இல்லை. சாயவேரிலிருந்து சிவப்பு எடுத்த காலத்தின் திறமை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து அலிசரின் என்ற செயற்கைச் சிவப்புச் சாயம் வந்த பிறகு குறைந்துகொண்டே போனது. அதை ஒரு தொகுப்புக்காக மீட்டெடுத்துவிடுவதாகச் சொன்னால் அது என் பழைய வாய்வீச்சின் தொடர்ச்சியாகத்தான் இருக்கும்.

இரவுப் பேருந்தில் மதுரைக்குத் திரும்பும் வழியில், மங்கிய விளக்கொளியில் பதினைந்து முடிச்சுகள். மொத்தம் ஐம்பது.

ஆறாம் நாள்: மீண்டும் மகாலுக்குப் பின்னால்

காலையில் அம்மாளின் வீட்டுக்குப் போகும்போது பேசவேண்டியவற்றை வரிசையாக மனத்தில் எழுதி வைத்திருந்தேன். அடுத்த தொகுப்பில் பன்னிரண்டு ஆடைகள் இல்லை, நான்கு சேலைகள் மட்டும். எல்லாம் கையால் கட்டியவை, வெளிர் நிறங்கள். கூலி முடிச்சுக் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில். ஒவ்வொரு சேலையிலும் கட்டியவரின் பெயர். கோ-ஆப்டெக்ஸ் சேலைகள் சிலவற்றில் நெசவாளரின் புகைப்படத்தோடு கூடிய சீட்டைப் பார்த்த நாளிலிருந்தே இந்த ஆசை எனக்கு உண்டு.

அவர் கேட்டுவிட்டு, பெயர் வேண்டாம் என்றார். ஆண்டு முழுவதும் வேலை கொடுப்பவர் உள்ளூர் வியாபாரி. நான் ஆண்டுக்கு நான்கு சேலைக்காரி. வெளியாளுக்குக் கட்டிக் கொடுப்பது வியாபாரிக்குத் தெரிந்தால் அடுத்த மாதம் துணி வராது. மணிக் கணக்கும் அவருக்குப் பிடிக்கவில்லை: “நடுவுல பேரன் அழுவான், நான் எந்திரிச்சுப் போவேன், அத யாரு குறிக்கிறது?” முடிச்சுக் கணக்கே இருக்கட்டும், விகிதத்தை மட்டும் கூட்டு என்றார். அதற்குமேல் அவர் கேட்டது ஒன்றுதான், அது நான் எழுதிவைத்த வரிசையில் இல்லாதது. சேலையைக் கையில் வாங்கும்போதே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். விற்ற பிறகு தருகிறேன், அடுத்த முறை சேர்த்துத் தருகிறேன் என்ற பேச்சே கூடாது. இப்போது கட்டி முடித்த வேலைக்குப் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகிறதாம். என்னிடம் வேலை செய்யும் தையல்காரர்களுக்கும் கண்காட்சி முடிந்த பிறகே பாக்கியைத் தீர்ப்பது என் வழக்கம் என்பதால், சரி என்ற ஒரு சொல்லுக்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. விகிதத்தைப் பேசி முடித்து, முதல் சேலைக்கான பணத்தைத் துணியோடு சேர்த்தே வைத்துவிட்டேன். விலைச்சீட்டில் பெயருக்குப் பதிலாக முடிச்சுகளின் எண்ணிக்கையும் நாட்களின் எண்ணிக்கையும் இருக்கும். விலை, முதல்நாள் சொன்ன அந்த ரயில் பெட்டிக்காரர்களுக்குக் கட்டுப்படாது. இதைக் கட்டுபவருக்கும் கட்டுப்படாது. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

பிறகு என் கைக்குட்டைத் துணியை வெளியே எடுத்தேன். ஐம்பது முடிச்சுக்கு ஐந்து நாட்களா என்று மருமகள் சிரித்தாள். மீதி இருநூற்றைம்பதையும் அம்மாள் முக்கால் மணிநேரத்துக்குள் கட்டி முடித்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், பார்த்தேன், நாற்பது நிமிடங்கள். கொல்லையில் அவருடைய தம்பி சிறிய அலுமினியச் சட்டியில் நீலம் கலக்கி வைத்திருந்தார். தோய்த்து, அலசி, கொடியில் போட்டோம். காய்ந்த துணி சுருங்கி, முடிச்சுகள் விறைத்து, சிறிய பலாப்பழத்தின் தோலைப்போல நின்றது.

முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மாள் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையைத் தாம் பிடித்துக்கொண்டு, இழு என்றார். இழுத்தேன். படபடவென்று பொரி வெடிப்பது போன்ற சத்தத்தோடு நூல்கள் தெறித்து விழ, நீலத்தில் வெள்ளை வளையங்கள் வரிசை வரிசையாகத் திறந்துகொண்டன.

துணியை மடியில் விரித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நகத்தின் நுனியால் “இது நீ கட்டுனது, இதும், இதும்” என்று தொட்டுக்கொண்டே போனார். சாயம் உள்ளே கசிந்தவை, வளையம் கோணியவை, ஒரு பக்கம் வாய் திறந்தவை. நாற்பத்தேழு தொட்டதும் நிறுத்திவிட்டார். நான் ஐம்பது கட்டினேன் என்றேன். துணியை வெளிச்சத்துக்குத் தூக்கி இன்னொருமுறை பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்தார்.

“அப்ப மூணு நல்லா வந்திருக்கு.”